மாவுப்பூச்சி, எறும்பு, இகுவானா: கீழக்கரை மாடிக் கூண்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. அங்கே 8 அடி நீளம், 5 அடி அகலம், ஆள் உயரத்துக்கு மேலே போகும் ஒரு கூண்டு. உள்ளே ஒரு பச்சை இகுவானா, வால் நுனியையும் சேர்த்தால் 4 அடிக்குக் குறையாது. தொட்டிகளில் நாலைந்து செம்பருத்தி, கம்பிவலை மேல் படர்ந்த கோவைக்கொடி, ஒரு முருங்கை, ஓரத்தில் நிழலுக்கு வெட்டிவேர். அழகுக்காக வைத்த செடி ஒன்றுகூட இல்லை, வெட்டிவேரைத் தவிர எல்லாமே அதன் சாப்பாடு. இகுவானா இலை தின்னி. செம்பருத்தி இலையும் பூவும் கிடைத்தால் வேறெதையும் திரும்பிப் பார்க்காது. அந்தச் செம்பருத்தியில்தான் வெள்ளை மாவு பூசினதுபோல இருக்கும், சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி அடித்தது, கொழுந்தெல்லாம் சுருண்டு முண்டும் முடிச்சுமாகப் போனது.

தோட்டத்துச் செம்பருத்தியில் இது வந்தால் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கூண்டுக்குள் அது நடக்காது. இலையில் என்ன பட்டாலும் அடுத்த நாள் காலையில் அது இகுவானாவின் வயிற்றில் இருக்கும். ஆகவே மருந்தில்லாமல்தான் தீர்த்தாக வேண்டும். தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது, எது உண்மையில் வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை விவரமாக எழுதுகிறேன். என் முடிவை இப்போதே சொல்கிறேன்: வேலை செய்தது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுதான், ஆனால் எறும்பை நிறுத்தாமல் வண்டை விட்டிருந்தால் அது காசைக் கடலில் போட்ட மாதிரி.

சட்ட விஷயம் ஒன்று, சுருக்கமாக. பச்சோந்தி, உடும்பு, நட்சத்திர ஆமை என்று நம் ஊர்க்காட்டில் திரியும் பாதுகாக்கப்பட்ட இனம் எதையும் பிடித்துக் கூண்டில் வளர்க்கக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். ராமநாதபுரம் பக்கத்துக் கருவேலங்காட்டில் பச்சோந்தி கிடைக்கிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். பச்சை இகுவானா வெளிநாட்டு இனம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. அதையும் சும்மா வைத்திருக்க முடியாது, 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த வீட்டில் பதிவு இருந்தது. இல்லையென்றால் நான் மாடிப்படி ஏறியிருக்க மாட்டேன்.

வீட்டுக்காரரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கீழக்கரையில் அண்ணன் முறைக்கு அதுதான் வழக்கம். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், ரொம்ப காலம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். இகுவானா மகளுடையது, கவலை இவருடையது. சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு கொழுந்தில் வெள்ளையாகத் தெரிந்ததாம், ஆடி முடிவதற்குள் எல்லாத் தொட்டியிலும் ஏறிவிட்டதாம். ஆவணியில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, கடைக்காரர் ஒரு மருந்து குடுத்திருக்காரு. வேர்ல ஊத்துனா போதுமாம், இலையில படவே படாதாம். ஊத்தட்டா?"

"காக்கா, அதைத் திறக்காதீங்க. அப்படியே ஓரமா வைங்க, நான் வர்றேன்."

வேரில் ஊற்றும் மருந்துதான் இங்கே இருப்பதிலேயே மோசமான யோசனை. இமிடாகுளோபிரிட் மாதிரியான ஊடுருவும் மருந்துகளை வேர் உறிஞ்சி, சாறு ஓடும் பாதை வழியாக இலை, கொழுந்து, பூ என்று செடி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சாறு உறிஞ்சும் பூச்சி சாவதே அதனால்தான். இலையில் படாது என்று கடையில் சொன்னது வெளிப்பக்கத்துக்கு மட்டும் உண்மை, உள்ளே முழுக்க மருந்துதான் இருக்கும், அதைக் கழுவவும் முடியாது. தொட்டிச் செடியில் மாதக்கணக்கில் தங்கும். அதனால்தான் நர்சரியிலிருந்து புதுச் செடி வாங்கி நேராகக் கூண்டில் வைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே என்ன ஊற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? மண்ணை மாற்றி, சில மாதம் வெளியே வைத்து, பழைய இலையெல்லாம் போய்ப் புது இலை வந்தபிறகு உள்ளே கொண்டுபோனால் நல்லது. இன்னும் நல்லது, தெரிந்த வீட்டிலிருந்து குச்சி ஒடித்து வந்து நாமே நட்டு வளர்ப்பது. செம்பருத்திக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

வெள்ளை எல்லாம் பூச்சி இல்லை

மாடிக்குப் போனதும் மகள் காட்டியது முருங்கை இலையில் பொட்டுப் பொட்டாக இருந்த வெள்ளை. கூண்டின் கண்ணாடிப் பக்கத்திலும் அதே வெள்ளை. "முருங்கையிலயும் வந்துருச்சு மாமா" என்றாள். அது பூச்சி இல்லை, இகுவானா தும்மியது. இகுவானாவின் மூக்கில் உப்புச் சுரப்பி இருக்கிறது. உணவில் வரும் அதிகப்படியான சோடியம், பொட்டாசியம் உப்பைச் சிறுநீரில் தண்ணீரைச் செலவழித்து வெளியேற்றாமல் மூக்கு வழியாகத் தும்மித் தள்ளிவிடும். காய்ந்தால் வெள்ளைப் பொடி. இதைச் சளி என்று நினைத்து டாக்டரிடம் ஓடுபவர்களும் உண்டு, பூச்சி என்று நினைத்துச் செடியைப் பிடுங்கிப் போடுபவர்களும் உண்டு.

கீழக்கரையில் இன்னொரு வெள்ளையும் இருக்கிறது. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது கடல் உப்பு மாடிவரை வரும், இலை ஓரத்தில் காய்ந்து நிற்கும். போர் தண்ணீரை இலைமேல் தெளித்தாலும் அப்படித்தான், அந்தத் தண்ணீரே உப்பு.

பிரித்துப் பார்ப்பது லேசு. விரலை நனைத்துத் தேய்த்தால் உப்பு கரைந்து போய்விடும். மாவுப்பூச்சி கரையாது, மெழுகுபோல இழுபடும், நசுக்கினால் உள்ளிருந்து நிறம் வரும். செம்பருத்தியில் நசுக்கியபோது சிவப்பாக வந்தது. கொழுந்து சுருண்டு கொத்தாக முடங்கியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இது செம்பருத்தி மாவுப்பூச்சி, இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி என்றும் சொல்வார்கள். பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால் மஞ்சளாக வந்திருக்கும். செம்பருத்தியில் அதுவும் வரும், பருத்தி மாவுப்பூச்சியும் வரும், ஆகவே பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது.

இந்தப் பூச்சியைப் பற்றி ஒரு வேடிக்கை. இது நம் தெற்காசியப் பக்கத்துப் பூச்சி. 1994-ல் கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா தீவுக்குள் புகுந்து, அங்கே செம்பருத்தியிலிருந்து காட்டு மரம்வரை ஒரு கை பார்த்துவிட்டது. பிறகு சின்னஞ்சிறு குளவி ஒன்றையும் பொறிவண்டுகளையும் கொண்டுபோய் விட்டுத்தான் அடக்கினார்கள். பச்சை இகுவானாவின் சொந்த ஊரோ கரீபியன் தீவுகளும் அதைச் சுற்றிய அமெரிக்க நாடுகளும். நம் பூச்சி அதன் ஊருக்குப் போனது, அது நம் ஊருக்கு வந்தது, இரண்டும் கீழக்கரையில் சந்தித்துக்கொண்டன.

கூண்டு யாருக்கு வசதி

அன்றைக்கு மாடியில் எனக்கு உறுத்திய விஷயம் இதுதான்: அதே மாடியில் கூண்டுக்கு வெளியே இரண்டு செம்பருத்தித் தொட்டி இருந்தது, அதில் பூச்சி இல்லாமல் இல்லை, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். உள்ளே மட்டும் அப்பிக் கிடந்தது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஏன்?

கூண்டின் மேலே பாதிக்குத் தகரம், பாதிக்குப் பனையோலைக் கூரை, பனங்கை போட்டுக் கட்டியது, பார்க்க ரொம்ப அழகு. ஆனால் உள்ளே மழை விழாது. மாவுப்பூச்சிக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் முதல் சில நாள் ஊர்ந்து திரியும், உடம்பில் மெழுகு ஏறியிருக்காது. வெளியே இருக்கும் செடியில் நல்ல மழை ஒன்று பெய்தால் அதில் பெரும்பகுதி அடித்துப் போய்விடும். உள்ளே அந்தக் கவலை கிடையாது. காற்று குஞ்சுகளைக் கொண்டுவந்து உள்ளே போடும், ஆடியில் எல்லாத் தொட்டிக்கும் பரவியது அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் கழுவி வெளியேற்ற எதுவும் வராது. ஒரு தாய்ப்பூச்சி பஞ்சுபோன்ற பையில் 500-க்கும் மேலே முட்டை வைக்கக்கூடியது, இந்த வெக்கையில் ஒன்றே கால் மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

இரண்டாவது, எறும்பு. வெளித் தொட்டியில் எறும்பு குறைவு. கூண்டுக்குள் ஒவ்வொரு தண்டிலும் சாரை. சின்னக் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்போமே அதுதான், கடிக்காது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மாவுப்பூச்சி குடிக்கும் சாற்றில் சர்க்கரை மிச்சம், அதைத் தேன்போலக் கழிக்கும், எறும்புக்கு அது விருந்து. பதிலுக்குப் பூச்சியை நெருங்கும் பொறிவண்டையும் குளவியையும் எறும்பு விரட்டியடிக்கும், தேன் தேங்கி அழுகாமல் சுத்தமும் செய்யும். எறும்பு எட்டாத கீழ் இலைகளில் மட்டும் அந்தத் தேன்மேல் கரும்பூசணம் படர்ந்து கிடந்தது.

எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பகலில் தெரியவில்லை. இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது: மாடி அறையின் சன்னலிலிருந்து துணிக்கொடிக் கயிறு வழியாக, கயிறு கட்டிய கொக்கி வழியாகக் கூண்டின் மேல் சட்டத்துக்கு. அந்த அறையில்தான் அந்த வீட்டு லாத்தா (அக்கா முறைக்கு இங்கே அப்படித்தான் வழக்கம்) தொதல் கிண்டி வெளியூருக்கு அனுப்புவதற்காக அடுக்கி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த சாமான், எறும்புப் புற்றுக்கு வருஷம் முழுக்கப் படியளக்க வேறென்ன வேண்டும். மாடியில் ஒரு பக்கம் தொதல், மறுபக்கம் மாவுப்பூச்சித் தேன், நடுவில் நடைபாதையாகக் கயிறு.

இவ்வளவையும் பார்த்தபிறகு எனக்குத் தோன்றியது, மருந்தா வண்டா என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கூண்டு இகுவானாவைவிட மாவுப்பூச்சிக்குத்தான் வசதியாக அமைந்திருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும்.

எறும்பு முதலில்

கயிற்றை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினோம். கூண்டுக்கு ஆறு கால். ஒவ்வொரு கால் அடியிலும் அகலமான கிண்ணம், அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக்கு வைத்ததுதான். தண்ணீர் மட்டும் ஊற்றினால் கொசு முட்டையிடும், பேரூராட்சி, நகராட்சி என்று இல்லாமல் எல்லா ஊரிலும் இப்போது டெங்குவுக்காக வீடு வீடாக வந்து தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அதனால் தண்ணீர்மேல் புங்க எண்ணெய் ஒரு படலம். காற்றில் தூசி விழுந்து பாலம் கட்டிவிடும், ஆகவே வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள், சொன்னபடி செய்தாள்.

அதோடு முடியவில்லை. கோவைக்கொடி ஒன்று கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, வெட்டினோம். மழைக்காலத்துக்கு வைத்திருந்த சூடு விளக்கின் ஒயர் சுவரிலிருந்து நேராகக் கூண்டுக்குள் போனது, அதன் நடுவில் ஒரு முழத்துக்குத் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவினோம். அடுத்த வாரம் போனால் மறுபடியும் சாரை. பார்த்தால் தண்ணீர் வடியும் பிளாஸ்டிக் குழாய் தரையைத் தொடுகிறது. ஒரு வழி அடைத்தால் இன்னொன்று கண்டுபிடிக்கும், எறும்பிடம் பொறுமையில் ஜெயிக்க முடியாது, எல்லா வழியையும் அடைக்கத்தான் முடியும். கூண்டு தரையோடும் சுவரோடும் எங்கெல்லாம் தொடுகிறது என்று ஒரு சுற்றுப் பார்த்து எழுதிக்கொண்டால் வேலை பாதி குறையும். தொதல் டப்பாக்களை லாத்தா கீழே மாற்றிவிட்டார், கொஞ்சம் முணுமுணுப்போடு.

எறும்புப் பொடி தூவலாமே என்று கேட்பார்கள். இகுவானா நாக்கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பிராணி, தரையில் கிடக்கும் எதுவும் வாய்க்குப் போகும். வேண்டாம்.

மழையைக் கொண்டுவருவது இரண்டாவது வேலை. கைப்பம்புத் தெளிப்பானில் காவிரித் தண்ணீர் நிரப்பி, கொழுந்தின் அடிப்பக்கத்திலும் கணுவிலும் வேகமாகப் பீய்ச்ச வேண்டும், விடியற்காலையில், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. குடிதண்ணீரைச் செடிக்கு அடிப்பதா என்று காக்கா முகம் சுளித்தார், நியாயம்தான், லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது லேசான வார்த்தை இல்லை. ஆனால் போர் தண்ணீரைத் தெளித்தால் இலை ஓரம் கருகும், உப்பு ஏறிய செடி நீரை இழுக்கச் சிரமப்படும், வாடிய செடியில் பூச்சி இன்னும் கொழிக்கும். வேருக்கு ஊற்றுவதைக் குறைத்து மூடாக்குப் போட்டுச் சமாளித்தோம். ஓலைக் கூரையில் பாதியை ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவிட்டு வலை போட்டார்கள். மழை நேராக உள்ளே வரும்படி ஆனது, இகுவானாவும் நனைந்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தது.

முண்டு முடிச்சாகிப்போன கொழுந்துகளை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்தோம். குப்பைக்கூடையில் போட்டால் குஞ்சுகள் ஏறித் திரும்பி வரும்.

வேப்பெண்ணெய் ஏன் அடிக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவிடாது, நல்ல பொருள்தான். ஆனால் எண்ணெயும் சோப்பும் சேர்ந்த படலத்தோடு இகுவானா இலை தின்னும், அது வேண்டாம். இன்னொன்று, நாங்கள் கொண்டுவர நினைத்த வண்டின் புழுவையும் வேம்பு விட்டுவைக்காது. கூண்டுக்கு வெளியே இருந்த தொட்டிகளுக்கு மட்டும் சோப்புக் கரைசல் அடித்துப் பிறகு கழுவிவிட்டோம்.

வண்டு

கிரிப்டோலேமஸ் என்பது ஒரு பொறிவண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, நம் நாட்டுக்கு 1898-லேயே காப்பித் தோட்டத்துக்காகக் கொண்டுவந்தார்கள். 4 மில்லிமீட்டர் நீளம், கறுத்த உடம்பு, தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு. வண்டும் தின்னும், அதன் புழு அதைவிட வெறியாகத் தின்னும். பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இதைப் பல காலமாக வளர்க்கிறது, விவசாயிகளுக்காக வளர்த்துக் கொடுக்கும் ஆய்வகங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு.

பூச்சியைப் பூச்சி தின்னும் என்பதில் காக்காவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பப்பாளிக் கதையைச் சொன்னேன். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே சுற்றி வந்தது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து வளர்த்து விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் என்ற ஒன்று, எறும்பைவிடச் சின்னது, சில மாதங்களிலேயே பூச்சியை அமுக்கிவிட்டது. "அந்த வருஷம் எங்க வீட்டுப் பப்பாளியும் வெள்ளை வெளேர்னு நின்னுச்சு, அப்புறம் எப்படிப் போச்சுன்னே தெரியல" என்றார். அப்படித்தான் போனது.

உடனே வாங்கவில்லை. இந்த வண்டுக்கு 22 முதல் 28 டிகிரி வரை சுகம், 33-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஆவணி புரட்டாசியில் எங்கள் கடற்கரை மாடியில் விட்டால் வெக்கையில் செத்துப்போகும் அல்லது பறந்துபோகும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தோம், ராத்திரி வண்டியில். பெட்டியை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் சூட்டில் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பச் சொன்னேன்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வண்டு வருகிறது என்று தெரிந்ததும் செடியைப் பளபளவென்று கழுவி வைத்துவிடுவார்கள். பெண் வண்டு மாவுப்பூச்சியின் அந்தப் பஞ்சு முட்டைப்பைக்குள்தான் தன் முட்டையை வைக்கும். பஞ்சு இல்லையென்றால் முட்டை இல்லை, முட்டை இல்லையென்றால் புழு இல்லை, வந்த வண்டு கிளம்பிவிடும். அதனால் வண்டு வருவதற்கு முந்தைய வாரம் தண்ணீர் அடிப்பதை நிறுத்தினோம், முட்டைப்பை இருக்கும் கிளைகளில் சிலதை வேண்டுமென்றே விட்டு வைத்தோம்.

கூண்டை நடுவில் வலை போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் இகுவானா, அதற்கு வெளியிலிருந்து முருங்கைக்கீரையும் கோவை இலையும் பறித்துக் கழுவிப் போட்டார்கள். மறுபக்கம் வண்டு. இது எதற்கு? பொறிவண்டுகளின் உடம்பில் கசப்பான காரப்பொருட்கள் உண்டு, தன்னைத் தின்ன வருபவர்களை விரட்டத்தான். இலைதின்னி இகுவானா வண்டைத் தேடிப்போய்த் தின்னாது, இலையோடு ஒன்றிரண்டு போவதைப் பற்றி நான் பெரிதாகப் பயப்படவும் இல்லை, ஆனாலும் புழுக்கள் நிறைந்த கொழுந்தை அப்படியே மொட்டையடித்துவிட்டால் நம் வேலையும் போச்சு. பூச்சி தின்னும் பல்லியினம் எதையாவது வளர்ப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு ஆள், வீட்டுப் பல்லி. இரவில் விளக்கடியில் நாலைந்து இருக்கும், வண்டைக் கண்டால் விடுமா? முதல் சில நாள் வண்டுகளை மெல்லிய வலைத்துணிப் பைக்குள் போட்டு, பூச்சி உள்ள கிளையோடு சேர்த்துக் கட்டினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகுதான் கட்டினது. உள்ளேயே தின்று, இணைசேர்ந்து, முட்டை வைத்தன. அப்புறம் பையை அவிழ்த்துவிட்டோம்.

கார்த்திகை தொடக்கத்தில் லாத்தாவிடமிருந்து போன்.

"தம்பி, உங்க வண்டு ஒண்ணும் பண்ணல. பூச்சி பெருசாயிருச்சு. அரை இஞ்ச் இருக்கு, வெள்ளையா நூல் நூலா. நசுக்கிரட்டா?"

"தொட்டா ஓடுதா லாத்தா?"

"குடுகுடுன்னு ஓடுது."

"அதுதான் வண்டோட பிள்ளை. கை வைக்காதீங்க."

வண்டின் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும், உருவம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு, நூல்கள் நீளமாகத் தொங்கும். மாவுப்பூச்சி ஆடி அசைந்து நகரும், இது ஓடும். காசு கொடுத்து வண்டு வாங்கிவிட்டு அதன் பிள்ளைகளை நசுக்கிக் கொன்றவர்கள் நிறையப் பேர்.

அதே வாரம் மகள் ஒரு படம் அனுப்பினாள். வெளியே இருந்த செம்பருத்தி இலையில் குட்டிக் குரங்கு முகம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது என்று. அது ஸ்பால்கிஸ் என்ற நீலன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சிதான் தின்னும், மாவைப் பூசிக்கொண்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். யாரும் வாங்கிவரவில்லை, தானாக வந்தது. எறும்பு போன பிறகுதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் அந்த மாடியில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

மண்ணில் ஒரு சின்னத் தொல்லை

மழைக்காலத்தில் தொட்டி மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பின, பூஞ்சை ஈ என்பார்கள். செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை, இகுவானாவின் கண்ணைச் சுற்றி மொய்ப்பதுதான் எரிச்சல். காரணம் தெரிந்ததே, தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்ட மண், மேல்பக்கம் காயவே இல்லை. தண்ணீரை அடித்தட்டு வழியாகக் கொடுத்து, மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கழுவிய ஆற்று மணல் பரப்பியதில் பாதி குறைந்தது. மிச்சத்துக்குக் கொசுப்புழுவுக்குப் போடும் பிடிஐ பாக்டீரியாப் பொடியைக் கரைத்து மண்ணில் ஊற்றினோம், அது ஈப்புழுவின் குடலில்தான் வேலை செய்யும். கடற்கரை மணல் ஓசியில் கிடைக்கிறதே என்று அள்ளி வர வேண்டாம், உப்பு. நார்க்கழிவும் அப்படித்தான், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையில் எடுத்ததாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும்.

எங்கே வந்து நின்றது

தொடக்கத்திலேயே பத்துக் கொழுந்துகளில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தோம், வாராவாரம் அதை மட்டும் பார்ப்பதற்கு. இல்லையென்றால் நல்ல இலை கண்ணில் பட்ட அன்றைக்குக் குறைந்துவிட்டது என்போம், மோசமான இலை கண்ணில் பட்ட அன்றைக்குக் கூடிவிட்டது என்போம். ஆவணியில் பத்திலும் பூச்சி இருந்தது. எறும்பை நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சியதிலேயே, வண்டு வருவதற்கு முன்பே, கூட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆனால் எந்தக் கொழுந்தும் முழுசாகச் சுத்தமாகவில்லை, சுருண்ட இலைக்குள் தண்ணீர் போகாது. அந்த மிச்சத்தைத்தான் வண்டு முடித்தது, சுருளுக்குள் நுழைந்து தின்ன அதனால் முடியும். மார்கழி நடுவில் இரண்டே கொழுந்தில் கொஞ்சம் வெள்ளை, புதுத் தளிர் நேராக விரிந்து வந்தது. தை மாதம் நடு வலையை எடுத்தார்கள். இகுவானா முதலில் செய்த காரியம் சிவப்பு நூல் கட்டிய கொழுந்தை நூலோடு சேர்த்துக் கடித்ததுதான், மகள் பாய்ந்து வாயிலிருந்து பிடுங்கினாள். நூலுக்குப் பதிலாக இனி தொட்டியில் சாக்பீஸால் குறி போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வண்டு இப்போது இல்லை. தின்ன எதுவும் இல்லாவிட்டால் அது தங்காது. மாவுப்பூச்சி அறவே ஒழியவும் இல்லை, தண்டின் அடியில் பட்டை வெடிப்புக்குள் ஒன்றிரண்டு இருக்கும், பங்குனி வெயில் ஏறும்போது தலைகாட்டும். அதற்குக் காக்கா கேட்டது, வருஷா வருஷம் பார்சல் வாங்க வேண்டுமா என்று. எறும்பு ஏறாமலும் கூரை திறந்தும் இருக்கும்வரை தேவைப்படாது என்றே நினைக்கிறேன், வெளியே இருக்கும் இரண்டு தொட்டிகள் முதலில் ஒன்றும் செய்யாமலே அப்படித்தானே இருந்தன. அந்த இரண்டு தொட்டிக்கும் இனிமேல் சோப்புகூட அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், குரங்கு முகக்காரனும் ஊர்ப் பொறிவண்டும் தங்க ஒரு இடம் வேண்டும். கிண்ணத்தில் எண்ணெய் மாற்றுவது தொடர்கிறது. கடைக்காரர் கொடுத்த பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள், பணத்துக்குப் பதிலாக மண்புழு உரம் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டார்கள்.